மந்திரித்த படத்தைத் திருப்பி அனுப்ப ஏலாது

என் மகனுக்கு,

நேற்றுப் படிக்கட்டில் நின்று நீ கத்தினது கீழ் வீட்டாருக்கும் கேட்டது, எதிரில் இருக்கிற சலூன்காரருக்கும் கேட்டது. "அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி அவளைக் குழப்பினது நீங்கள்தான் அம்மா. திருப்பி அனுப்பச் சொன்னனானா இல்லையா?" என்று கேட்டாய். என் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாய். துஷி உள்ளே என் கட்டிலில் இருந்தாள். கதவைத் திறக்க வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினாள். உன் பெண்சாதி உன் குரலைக் கேட்டும் எழும்பாமல் இருந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோசம் என்று நினைக்காதே. கலியாணமான புதிதில் உன் கார் சத்தம் கேட்டாலே செருப்பைத் தேடுகிற பிள்ளை அவள். டெலிபோனில் உன்னோடு கதைக்க ஏலாது. "சரி அம்மா, மீட்டிங், பிறகு எடுக்கிறன்" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது தானே, அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தம்பிமாரைப் படிப்பிக்க வேண்டும் என்று என்னை நிப்பாட்டினார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு கதை. எழுத்துப் பிழை இருந்தால் சிரி. ஆனால் கடைசி வரைக்கும் வாசி.

முதலில் அந்தப் படத்தின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ பாதியை மறந்துவிட்டாய். நீயும் துஷியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இங்கே கொட்டாஞ்சேனைக்குச் சாப்பிட வந்தீர்கள். அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கின காலம். நான் இறால் காய்ச்சியிருந்தேன், அவளுக்கு அந்த மணம் ஒத்துவரவில்லை, தயிரும் சோறும் சாப்பிட்டாள். நீ போனைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாய். உன் வெள்ளவத்தை வீட்டில் பிள்ளைக்கென்று ஒதுக்கின அறைக்கு ஒரு படம் வாங்கப் போகிறாயாம். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இத்தாலியில் கீறின மாதா படமாம், அந்தக் காலத்தை மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்வார்களாம். அசல் படம் மியூசியத்தில் தொங்குதாம், அதை அப்படியே பஞ்சுக் கடதாசியில் அச்சடித்து விற்கிறார்களாம். "எனக்கு ஏன் ராசா இவ்வளவு விளக்கம், புறக்கோட்டையில மாதா படம் இல்லையா?" என்று கேட்டேன். "அம்மா, அது கலண்டர் படம். இது ஆர்ட் பிரிண்ட். நூறு வருசத்துக்கு நிறம் போகாது" என்றாய். "நூறு வருசத்துக்குப் பிறகு ஆர் இருந்து பார்க்கிறது?" என்று நான் கேட்க, துஷி தன் வயிற்றைத் தட்டி, "இவர் பார்ப்பார் மாமி, கண்ணாடி போட்டுக்கொண்டு" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா?

நீ காட்டின படங்களில் உனக்குப் பிடித்தது சிறகு வைத்த சம்மனசுகள் நிறைய நிற்கிற படம். எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். எல்லா மாதாவுக்கும் காய்ச்சல்காரியின் முகம். நம்முடைய மாதா சிரித்த முகமாக, கன்னத்தில் சிவப்போடு இருப்பா. துஷிதான் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றில் நின்றாள். புல்வெளி ஒன்றில் தாய் இருக்கிறா, மடியில் பிள்ளை நித்திரை. பின்னால் தூரத்தில் ஒரு ஊர், மேகம், மாடு. "இது வேணும்" என்றாள். "ஏன் இது?" என்று நீ கேட்டாய். "பிள்ளை நித்திரை. தாய்க்குக் கொஞ்சம் ஓய்வு. எனக்கும் அதுதானே வேணும்" என்றாள். அந்தப் பிள்ளையின் ஒரு கை கீழே சரிந்து தொங்கினது. அது என் கண்ணில் பட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் குறை சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் பகலில் பார்சல் வாங்க ஆள் இல்லை, அம்மா வீட்டில்தானே இருக்கிறா என்று என் விலாசத்தைக் கொடுத்தாய்.

படம் வருவதற்கு முன்னம் பிள்ளை போய்விட்டது. அந்த நாளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் எழுதுகிறேன். துஷியை ஆஸ்பத்திரியால் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன்னம் நீ அந்த அறையை வெறுமையாக்கினாய். தொட்டிலைக் கழற்றிக் கடைக்குக் கொடுத்தாய். நான் தைத்த சட்டைகள் எங்கே போனதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் வந்தபோது அங்கே உன் உடற்பயிற்சி சைக்கிள் மெசின் நின்றது. உன் மாமியார் உன் காதில் ஓதினதும் எனக்குத் தெரியும். "பிள்ளை செத்துக் கிடக்கிற மாதிரி ஒரு படத்தைக் காசு குடுத்து வாங்கினால் வேற என்ன நடக்கும்" என்றாவாம். உன் கலியாணத்தில் எங்கட வீட்டுப் பலகாரத்தைத் தொடாமல் தட்டை மூடி வைத்துவிட்டுப் போன மனுசி அவ. அதையும் நான் மறக்கவில்லை. அச்சடித்த கடதாசி கப்பலில் வந்துகொண்டிருந்து ஒரு பிள்ளையைக் கொல்லுமா மகன்? நீ படித்தவன். நீ அதற்கு மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு ஒரு பகல் பார்சல் வந்தது. நீளமான உருளைப் பெட்டி, இரண்டு பக்கமும் மூடி. நான் கையெழுத்து வைத்து வாங்கிவிட்டு உனக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னேன். நீ உடனே, "அம்மா, திறக்காதேங்கோ. திறக்காட்டில் திருப்பி எடுப்பாங்கள். ஆள் அனுப்புறன், குடுத்து விடுங்கோ. துஷிக்கு மூச்சு விடாதேங்கோ" என்றாய். நான் ஓம் என்றேன். கட்டிலுக்குக் கீழே தள்ளி, மேலே பழைய பாயைப் போட்டு மறைத்தேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அது உண்மை. இரண்டு நாள் அதற்கு மேலே படுத்தேன். எனக்கு நித்திரை வரவில்லை. கட்டிலுக்குக் கீழே யாரோ படுத்திருக்கிறது போல இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அதை வெளியே இழுத்துத் திறந்தேன்.

கடதாசி என்று சொல்ல ஏலாது, புதுத் துணியைத் தொடுகிற மாதிரி இருந்தது. பளபளப்பு இல்லை. சுற்றிவரக் கைவிரல் அகலத்துக்கு வெள்ளைக் கரை. மேசையில் விரித்து நாலு மூலைக்கும் உப்புப் போத்தலும் சீனிப் போத்தலும் வைத்துப் பார்த்தேன். போனில் பார்த்தது ஒன்றுமில்லை மகன். அந்த நீல முக்காட்டின் மடிப்புக்குள்ளே கையை விடலாம் போல இருந்தது. பிள்ளை நித்திரையா இல்லையா என்று அந்த மனுசன் வேண்டுமென்றுதான் விளங்காமல் கீறியிருக்கிறான். தாய் பிள்ளையைத் தொடவில்லை. பிள்ளை மடியில் கிடக்கிறது, அவ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு குனிந்து பார்த்தபடி இருக்கிறா. தொட்டால் என்ன தெரியவரும் என்று அவவுக்குத் தெரியும். முந்தி நான் காய்ச்சல்காரி முகம் என்று சொன்ன முகம் அது. காய்ச்சல் இல்லை. அந்த முகத்தை நான் என் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு முன்னம் எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. உன் பிள்ளையைப் போலவே மூச்சில்லாமல் வந்தது. எனக்குக் காட்டவில்லை. துணியில் சுற்றி ஒரு பெண் கொண்டு போனதை மட்டும் கண்டேன். நான் வீட்டுக்கு வந்தபோது உன் அப்பம்மா எல்லாத்தையும் அள்ளிக் கொடுத்து முடித்திருந்தா. பழந்துணியில் நான் தைத்து வைத்த சின்ன மெத்தைகூட இல்லை. என் கட்டிலுக்கு மேலே ஒரு கலண்டர் மாதா படம் ஒட்டியிருந்தேன், மடியில் பாலன் இருக்கிற படம். அதையும் உரித்திருந்தா. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. "இனி அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அடுத்தது வரும்" என்றா. உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். நான் அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வேறு பார்க்க எனக்கு ஒன்றும் விட்டு வைக்கவில்லை. அடுத்தது நீதான் வந்தாய். நீ வந்தபோது எனக்குச் சந்தோசம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று பிள்ளைகள் வருவதில்லை. அவளுக்கு ஸ்டெல்லா என்று பேர் வைத்தேன். வாயால் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இதில் எழுதும்போதுதான் அந்தப் பேர் எழுத்தில் எப்படி இருக்கும் என்றே பார்க்கிறேன்.

அப்போது கோயிலில் ஒரு உபதேசியார் இருந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை கடவுளைக் காணாது, இருட்டுமில்லாத வெளிச்சமுமில்லாத ஒரு இடத்தில் இருக்கும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஆளின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. ஊரே போனது, நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். படத்தைத் திறந்த அன்று பின்னேரம் அதைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இப்போது இருக்கிற பாதர் சின்னப் பெடியன், உன்னைவிட இளையவர். "பாதர், இதை மந்திரிச்சுத் தாங்கோ" என்றேன். அவர் விரித்துப் பார்த்து, "ஃப்ரேம் போட்டுக் கொண்டு வந்தால் வடிவா இருக்குமே அம்மா" என்றார். "ஃப்ரேம் போடுறதுக்குள்ள என்ட மகன் திருப்பி அனுப்பிப் போடுவான். மந்திரிச்ச படத்தை விக்கவும் ஏலாது, திருப்பிக் குடுக்கவும் ஏலாதுதானே?" என்று கேட்டேன். பாதர் சிரித்தார். "அப்பிடியெண்டால் நீங்கள் என்னை மகனோட சண்டைக்கு விடுறீங்கள்" என்றார். பிறகு நான் எல்லாத்தையும் சொன்னேன், உன் பிள்ளையையும் என் பிள்ளையையும். இப்போது திருச்சபை அப்படிச் சொல்வதில்லை அம்மா, அந்தப் பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் விட்டிருக்கிறோம் என்றார். "அப்ப அண்டைக்கு எனக்குச் சொன்னது?" என்று கேட்டேன். அவர் தீர்த்தத்தை எடுத்துத் தெளித்தார். ஒரு துளி புல்வெளியில் விழுந்து ஊறினது, நீ கிட்டப் பார்த்தால் தெரியும். அதனால்தான் நீ அனுப்பின ஆளை நான் வெறுங்கையோடு அனுப்பினேன். துஷி அதுவரைக்கும் அந்தப் படத்தைக் காணவே இல்லை. நான் காட்டிக் குழப்பினேன் என்று நீ சொன்னது பொய்.

அவள் தானாக வந்தாள். போன வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து, நடுவில் இறங்கி மாறி, வெய்யிலில் படியேறி வந்து நின்றாள். கையில் ஒரு பை. "மாமி, படம் வந்ததுதானே?" என்றாள். நான் திகைத்துப் போனேன். போனைக் காட்டினாள். ஓடர் பண்ணும்போது நீ அவளுடைய நம்பரையும் கொடுத்திருக்கிறாய். பார்சல் கப்பலேறினது, கொழும்புக்கு வந்தது, இந்த வீட்டில் நான் கையெழுத்துப் போட்டது, எல்லாம் அவளுக்கு மெசேஜாக வந்துகொண்டிருந்திருக்கிறது. நீ வீட்டில் ஒன்றும் நடக்காத மாதிரி டீவி பார்த்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்தில் இருந்து அதை வாசித்திருக்கிறாள். "அவர் சொல்லுவார் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் மாமி. சொல்லேல்ல" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. நீ அவளைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்து ஒவ்வொன்றாக ஒளித்தாய். அவளுக்கு மிச்சமாகத் தெரிந்தது நீ ஒளிக்கிறாய் என்பது மட்டும்தான்.

படத்தை விரித்துக் கொடுத்தேன். மேசைக்கு முன்னால் கனநேரம் நின்றாள். பிறகு, "இவவும் தொடேல்ல" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னைத் தொட விடேல்ல மாமி. மயக்கம் தெளிய முதல் கொண்டு போயிட்டினம். காட்டச் சொல்லிக் கேட்டனான். பாக்காமல் இருக்கிறது நல்லது எண்டு இவர் சொன்னவராம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்கள் கண்டனீங்கள்தானே. ஆரைப் போல?" இந்தக் கேள்வியை நான் கேட்க எனக்கு ஆள் இருக்கவில்லை மகன். உன் அப்பம்மாவிடம் கேட்டால் வாயில் அடிப்பா. அதனால் நான் கண்டதெல்லாம் துஷிக்குச் சொன்னேன். தலை நிறைய முடி, ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. மூக்கு உன் மூக்கு, நுனியில் கொஞ்சம் அகலம். வாய் அவளுடைய வாய், மேலுதடு கொஞ்சம் தூக்கி, எதையோ சொல்லப் போகிற மாதிரி. காதில் பூனைமயிர் இருந்தது. "நிறம்?" என்று கேட்டாள். அதையும் பொய் சொல்லாமல் சொன்னேன். "நித்திரை போலவா மாமி?" என்றாள். ஓம் என்றேன். அப்போதுதான் அழுதாள். உரத்து அழுதாள், கீழ் வீட்டுப் பெண் மேலே ஓடி வந்தாள். நான் வாசலில் நின்று அவளைத் திருப்பி அனுப்பினேன். அழுகிற பிள்ளையைச் சுற்றி ஆட்கள் நின்று வேண்டாம் வேண்டாம் என்றால் அது அழுகையில்லை.

அடுத்த நாள் இரண்டு பேருமாக ஃப்ரேம் போடப் போனோம். ஜம்பட்டா வீதியில் சாமிப்படம் போடுகிற சிங்களப் பெடியனின் கடை. "மல்லி, தம்பி, கரையை வெட்டாதே" என்று வாசலிலேயே சொன்னேன். அவனுக்கு வெட்டாமல் இருக்க ஏலாது, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கதைத்தான். தங்க நிறத்தில் பூவேலை செய்த ஃப்ரேமைக் காட்டினான், சுற்றிவரச் சின்ன பல்ப் பூட்டித் தருவானாம், பட்டனை அமத்தினால் மாதாவின் தலையில் சிவப்பும் பச்சையும் ஓடுமாம். "இது என்ன, கடலைக் கடையா?" என்று துஷி சிங்களத்தில் கேட்டாள். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவள் சிரித்து நான் கண்டது எத்தனை நாளைக்குப் பிறகு! பிறகு அவன், பிள்ளைக்கா இந்தப் படம் என்று கேட்டான். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். துஷி முந்திக்கொண்டாள். "ஓம், மகனுக்கு" என்றாள். எத்தனை வயது என்று கேட்டான். "பிறக்கேக்கையே இல்லாமல் போயிட்டார்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு இடம் கொடுத்த முதல் ஆள் அந்தக் கடைக்காரன். அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அப்ப தங்கம் வேண்டாம் அக்கா. சும்மா மரத்தில போடுவம்" என்றான்.

படம் இப்போது என் அறையில் இருக்கிறது. இது அவளுடைய படம், அவளோடு வெள்ளவத்தைக்கு வரவேண்டும், அந்த அறைக்குத்தான் வரவேண்டும். சைக்கிள் மெசினை எங்கே வைக்கிறாய் என்பது உன் பாடு. உன் மாமியார் அதைப் பார்த்து என்ன சொன்னாலும், இந்த முறை நீ வாயைத் திறக்க வேண்டும். மனுசன்மார் சண்டைக்கு முன்னால் நிற்பீர்கள், துக்கத்துக்கு முன்னால் நிற்க உங்களுக்குத் தெரியாது. நான் வளர்த்த பிள்ளைக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நீ கூடாதவன் என்று நான் சொல்லவில்லை. அந்த அறையை வெறுமையாக்கும்போது நீ தனியாக நின்று செய்திருக்கிறாய். ஒருத்தரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அந்தச் சட்டைகளை மடிக்கும்போது உன் கை எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை.

ஆனால் துஷி ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதற்குப் படம் காரணம் இல்லை. அவள் உன்னிடம் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் சொல்லவில்லை. பிள்ளையை எங்கே வைத்தாய் என்று கேட்டிருக்கிறாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, நீ அதை யோசிக்காதே" என்று சொன்னாயாம். மூன்று தரம் கேட்டாளாம். கடைசியில் நீ எழும்பி வெளியே போய்விட்டாயாம். மாதம்பிட்டி மயானத்திலா, கனத்தை மயானத்திலா, எந்தப் பக்கம், எந்த மரத்தடி, அவள் அதை அறியாமல் உன் வீட்டுக்கு வரமாட்டாள். வற்புறுத்தி அனுப்ப நானும் தயாரில்லை.

இதே கேள்வியை நான் உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். கலியாணமான புதிதில் கேட்டேன், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கேட்டேன், கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டேன். "இனியாவது சொல்லுங்கோ, ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. அவர் செத்தும் மன்னிக்கவில்லை. கல்லறையில் பூ வைக்கும்போதுகூட, தெரிந்துகொண்டு சொல்லாமல் போன மனுசன் என்று மனதுக்குள்ளே சொல்லித்தான் வைப்பேன்.

நேற்று நீ கத்திவிட்டுப் படியிறங்கும்போது உன் சப்பாத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பிள்ளையின் காரியம் முடித்துவிட்டு வந்தேன் என்று நீ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாய். விடியத் தொடங்கின மழை அன்று விடவே இல்லை. மாதம்பிட்டி மண் எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவை அடக்கம் பண்ணினதும் மழை நாள்தான், சேலைக் கரையைத் தோய்க்க இரண்டு நாள் எடுத்தது. உன் சப்பாத்தில் மண் இருக்கவில்லை மகன். துடைத்தது போலவும் இல்லை. நீ ஒரு இடத்துக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருப்பார்கள், நீ கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, எங்கேயோ நின்று நேரத்தைப் போக்கிவிட்டு வந்திருக்கிறாய். நான் பிழையாக நினைக்கிறேன் என்றால் வந்து என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இரவு முழுக்க உன்னை நினைத்துக்கொண்டு படுத்தேன், பிறகு பார்த்தால் உன் அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுசன் என்னிடம் ஒளிக்கவில்லை. அவருக்கும் தெரியாது. தாய் சொன்னதைக் கேட்டு யாரோ ஒருத்தரின் கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பார், பிறகு வாழ்நாள் முழுக்க நான் கேட்கக் கேட்க, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்திருப்பார். ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நான் அவரோடு சேர்ந்து அழுதிருப்பேன். நான் என்ன, அவரைக் கொல்லவா போகிறேன்? இத்தனை வருசம் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

சப்பாத்துக் கதையைத் துஷிக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அது உன் வாயால் வரவேண்டியது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் பிறகு அவள் இங்கே வெளிக்கிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். நான் கூட வரமாட்டேன். நீங்கள் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள், அவர்கள் சுடலைக்குக் கையைக் காட்டினால் அங்கே போய்க் கேளுங்கள், ஒருத்தருக்கும் தெரியாது என்றால் அதையும் இரண்டு பேருமாக நின்று கேளுங்கள். அவள் உன்னை ஏசினால் ஏசட்டும். அழுதால் நீயும் அழு, ரோட்டில் ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். இடம் தெரிந்தால்தான் வரலாம் என்று நினைத்து அங்கேயே இருந்துவிடாதே.

இடம் தெரியாட்டியும் வா.

அம்மா